மதுரைப் பக்கம் கைகொடுக்கும் முறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைக்காக மதுரைக்கு வந்து குடியேறியவர்களும், இங்கே பிறந்து வெளியூரில் வளர்ந்துவிட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் ஊருக்கு வருகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. அலுவலகத்தில் கைகுலுக்குவது எப்படி என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சாவு நடந்த கேத வீட்டுப் பந்தலிலும் மாட்டுச் சந்தையிலும் கையை என்ன செய்வது என்று சொல்லித்தர வீட்டுப் பெரியவர்களை விட்டால் ஆளில்லை. அதனால் அவற்றுக்குத்தான் இங்கே இடம் அதிகம்.

மதுரையில் ஒருவரைச் சந்தித்ததும் கைகுலுக்குவது வழக்கமா?

இடத்தைப் பொறுத்தது. வங்கி, கல்லூரி, மருந்து விற்பனைப் பிரதிநிதிகள் கூடும் ஓட்டல், ரோட்டரி, லயன்ஸ் கூட்டங்கள் ஆகியவற்றில் கைகுலுக்கல் சாதாரணம். தெருவில், கடையில், உறவினர் வீட்டில் அது சாதாரணமில்லை. அங்கே வணக்கம்கூட அதிகம்தான். "வாங்க" என்ற ஒரு சொல்லும், "சாப்பிட்டீர்களா" என்ற கேள்வியும், தலையை லேசாக ஒரு பக்கம் சாய்ப்பதும் போதும். தினமும் பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரருக்குக் கை நீட்டினால் அவர் குழம்பிப் போவார். இன்றைக்கு என்ன விசேஷம், ஏதாவது பரிசு கிரிசு விழுந்திருக்கிறதா என்று கேட்டாலும் கேட்பார்.

அப்படியானால் மதுரைக்காரர்கள் தொட்டுப் பழகாதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் பக்கத்தில் கைக்குக் கை தொடுகிற சந்தர்ப்பங்கள் நிறைய உண்டு. அவை எல்லாமே கனமானவை: விலை படிவது, சத்தியம் செய்வது, பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுப்பது, துக்கம் கேட்பது. பார்த்தவுடன் குலுக்கிவிட்டு மறந்துபோகிற கைகுலுக்கல், பின்னால் வந்து சேர்ந்த இலேசான சரக்கு. இலேசானதைக் கனமான இடத்துக்குக் கொண்டுபோகும்போதுதான் சங்கடம் வருகிறது.

யார் முதலில் கை நீட்ட வேண்டும்?

வயதில், பதவியில், உறவில் பெரியவர் எவரோ அவர் நீட்டட்டும். நீங்கள் முதலில் வணக்கம் சொல்லுங்கள். அவர் கையை நீட்டினால் கொடுங்கள், நீட்டாவிட்டால் வணக்கத்தோடு முடிந்தது, யாருக்கும் நட்டமில்லை. மாமனாருக்கு மருமகன் முதலில் கை நீட்டுவது இன்னும் எங்கள் பக்கத்தில் கொஞ்சம் மிடுக்கான காரியமாகவே பார்க்கப்படுகிறது. மைத்துனர்களுக்குள் அந்தக் கணக்கு இல்லை. அங்கே கைகொடுப்பதோடு நிற்காமல் தோளில் ஒரு தட்டும் விழும்.

இன்னொன்றையும் கவனித்திருப்பீர்கள். பெரியவருக்குக் கை கொடுக்கும்போது பலர் இடது கையால் தங்கள் வலது முழங்கையையோ மணிக்கட்டையோ தாங்கிக்கொள்வார்கள், அல்லது இரண்டு கையாலும் பிடித்துச் சற்றுக் குனிவார்கள். வந்த பழக்கத்துக்கு நம் ஊர்க்காரர்கள் போட்டுக்கொண்ட ஒட்டு இது. எனக்குப் பிடித்திருக்கிறது. பெரியவரிடம் ஒற்றைக் கையால் எதையும் வாங்கக் கூடாது என்று வளர்ந்தவர்களுக்கு ஒற்றைக் கையைக் கொடுப்பதும் மரியாதைக் குறைவாகப் படுவதில் வியப்பில்லை.

பெண்களிடம் கை நீட்டலாமா?

ஆண் முதலில் நீட்டாமல் இருப்பது நல்லது. அந்தப் பெண் நீட்டினால் சுருக்கமாகக் கொடுத்துவிட்டுக் கையை எடுத்துக்கொள்ளுங்கள். நீட்டிய கையைப் பார்த்தும் அவர் கைகூப்பினால், நீங்களும் உடனே கைகூப்பிவிடுங்கள். தொங்கும் கையைத் தலைமுடியைக் கோதப் பயன்படுத்துவது போன்ற நாடகமெல்லாம் வேண்டாம்.

பெண்களுக்கு: விருப்பமில்லாத கைக்கு விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. இரண்டு கைகளையும் கூப்பி "வணக்கம்" என்று தெளிவாகச் சொன்னால் தமிழ்நாட்டில் அதைத் தவறாக எடுக்க ஆள் கிடையாது. நேர்முகத் தேர்விலும் இது பொருந்தும்.

கேத வீட்டில் கைகொடுக்கிறார்களே, அது என்ன? எப்படிக் கொடுப்பது?

அதிகமாகத் தடுமாறுவது இங்கேதான். மதுரை, தேனி, சிவகங்கை, விருதுநகர்ப் பக்கங்களில் சாவு நடந்த வீட்டைக் கேத வீடு என்போம். வாசலில் பந்தல் போட்டிருக்கும். இறந்தவரின் மகன்களும் சகோதரர்களும் பங்காளிகளும் பந்தலுக்கு அருகில் நின்றுகொண்டோ பெஞ்சில் அமர்ந்தோ இருப்பார்கள். வருகிற ஆண்கள் மாலையைப் போட்டுவிட்டோ, போடுவதற்கு முன்போ, அந்த வரிசையில் ஒவ்வொருவராகக் கை தொட்டுக்கொண்டு போவார்கள். பெண்கள் நேராக உள்ளே போய், அழுதுகொண்டிருப்பவர்களைக் கட்டிக்கொள்வார்கள்.

கையைக் குலுக்கக் கூடாது. இதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தவும் கூடாது. இரண்டு கைகளையும் முன்னால் நீட்ட வேண்டும். அவர்களும் இரண்டு கைகளை நீட்டுவார்கள். உள்ளங்கையும் விரல்களும் ஒரு கணம் தொட்டுக்கொள்ளும், அவ்வளவுதான், அடுத்த ஆளுக்கு நகர வேண்டும். எந்தக் கை மேலே, எந்தக் கை கீழே என்பது ஊருக்கு ஊர், சமூகத்துக்குச் சமூகம் மாறும். உங்களுக்கு முன்னால் போகிறவரைப் பார்த்து அதையே செய்யுங்கள். அதற்காகத்தான் அனுபவப்பட்டவர்கள் கேத வீட்டுக்குத் தனியாகப் போகாமல் ஊர்க்காரர்களோடு சேர்ந்து போகிறார்கள்.

பேச்சு தேவையில்லை. "வாங்க" என்று அவர்கள் சொல்லமாட்டார்கள், நீங்களும் எதிர்பார்க்கக் கூடாது. வரிசையில் முகம் தெரியாத ஆட்கள் இருந்தாலும் விட்டுவிட்டுத் தாண்டக் கூடாது. தாண்டியது யாரை என்று யாராவது ஒருவர் கட்டாயம் நினைவில் வைத்திருப்பார். கை தொட்டு முடித்ததும் போட்டிருக்கிற நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்காருங்கள். வந்ததும் கிளம்பினால் நன்றாக இருக்காது. எழுந்து போகும்போது "போய் வருகிறேன்" என்று சொல்லாமல் போக வேண்டும். திரும்ப வருகிறேன் என்று சாவு வீட்டில் சொல்வது அபசகுனம். பேசாமல் எழுந்து நடப்பதுதான் இங்கே நாகரிகம்.

எடுப்பதற்குள் போய்ச் சேர முடியாதவர்கள் பிறகொரு நாள் வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்பார்கள். அப்போதும் முதலில் கைதான். அதற்குப் பிறகுதான் எப்போது, எப்படி என்ற விசாரிப்பு எல்லாம்.

அலுவலகப் பழக்கத்தில் ஊறிய ஒருவர் துக்க வரிசையில் நின்ற மகனின் கையைப் பிடித்து மூன்று முறை நன்றாகக் குலுக்குவதை நான் பார்த்திருக்கிறேன். அந்த மகன் அதைப் பொருட்படுத்தவில்லை. பக்கத்தில் நின்ற சித்தப்பாக்கள் பார்த்த பார்வையைத்தான் எழுத முடியாது.

மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் கைபிடித்துக்கொள்கிறார்களே, அங்கே என்ன நடக்கிறது?

விலை பேசுகிறார்கள். இன்று பேருந்து நிலையம் இருக்கிற மாட்டுத்தாவணியே பழைய மாட்டுச் சந்தையின் பெயரைத்தான் சுமந்துகொண்டிருக்கிறது. மதுரையைச் சுற்றிய ஊர்ச் சந்தைகளில் ஆடு, மாடு வியாபாரம் இன்னும் நடக்கிறது. போனால் தரகரின் தோளைப் பாருங்கள், ஒரு துண்டு கிடக்கும். வியர்வை துடைப்பது அதன் உபதொழில்தான்.

வாங்குபவர் மாட்டைச் சுற்றி வருவார். பல்லைப் பார்ப்பார், சுழியைப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார். பிறகு தரகர் துண்டை எடுத்துத் தன் வலது கையின் மேல் விரிப்பார். அதற்குள் வாங்குபவரின் கை நுழையும். வெளியே நிற்பவர்களுக்குத் துணி அசைவது மட்டும்தான் தெரியும். உள்ளே ஒருவர் மற்றவரின் விரல்களைப் பிடித்து அழுத்துகிறார். எத்தனை விரல் பிடிபட்டது என்பது இலக்கம். நூறா, ஆயிரமா என்பதை மாட்டைப் பார்த்தாலே இருவரும் அறிவார்கள், தேவைப்பட்டால் வாயால் ஒரு சொல் சொல்லிக்கொள்வார்கள். பேரம் படியாவிட்டால் கை வெளியே வந்துவிடும். முகத்தில் ஒன்றும் தெரியாது, தெரியவும் கூடாது. தரகர் அதே துண்டோடு விற்பவரிடம் போவார், அங்கே ஒரு சுற்று விரல் பிடிப்பார், திரும்பி வருவார்.

எதற்கு இவ்வளவு ஒளிவு? முதல் காரணம் வியாபாரம். ஒருவர் கேட்ட விலை கூட்டத்துக்குத் தெரிந்துவிட்டால் அடுத்து வருபவர் அதிலிருந்துதான் தொடங்குவார். இரண்டாவது காரணம் மானம். குறைத்துக் கேட்டதும் மறுத்ததும் இரண்டு கைகளுக்குள்ளேயே முடிந்துபோகின்றன. ஊரறிய ஒருவர் மற்றவரை "இவ்வளவுதானா" என்று கேட்க வேண்டிய நிலை வராது. தரகர் தன் தரகுக்காகத்தான் அலைகிறார் என்றாலும், இரண்டு பேரின் முகத்தையும் காப்பாற்றுகிற வேலையும் அதற்குள் இருக்கிறது.

சந்தைக்கு வேடிக்கை பார்க்கப் போகிறவர்கள் நட்புக் காட்டுவதாக நினைத்துக்கொண்டு தரகரின் வலது கையைப் பிடித்துக் குலுக்க வேண்டாம். அந்த நேரத்தில் அது அவருடைய தொழிற்கருவி.

கையடித்துப் பேசி முடித்த பேச்சு சட்டப்படி செல்லுமா?

கையில் அடித்துச் சத்தியம் செய்வதும், "கையைக் கொடுங்கள், பேசியது பேசியதுதான்" என்று முடிப்பதும் இந்தப் பக்கத்தில் இன்னும் உண்டு. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒப்பந்தம் எல்லாமே எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை. தகுதியுள்ள இருவர், கட்டாயமில்லாத சம்மதத்தோடு, சட்டத்துக்கு உட்பட்ட ஒரு காரியத்துக்காக, கைமாறு வைத்துப் பேசிக்கொண்டால் வாய்ப்பேச்சும் ஒப்பந்தமே. கைகொடுத்தது சம்மதத்துக்கு ஓர் அடையாளம், அவ்வளவுதான். பிரச்சினை நிரூபிப்பதில் வருகிறது. சந்தையில் தரகரே சாட்சி. உங்கள் வீட்டுத் திண்ணையில் யார் சாட்சி?

நிலம், வீடு என்று வந்துவிட்டால் இந்தத் தாராளம் கிடையாது. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டப்படி 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தைப் பதிவு செய்த பத்திரத்தின் மூலமே விற்க முடியும். இன்றைக்கு 100 ரூபாய்க்கு மதுரையில் நிற்க இடம் கிடைக்காது, ஆகவே எல்லா நிலமும் இதில் அடக்கம். கையடித்து அச்சாரம் கொடுத்த இடத்தை இன்னொருவர் கிரயம் செய்துகொண்டு போன கதைகள் எல்லாக் கிராமத்திலும் உண்டு. பேச்சு முடிந்ததும் கைகொடுங்கள். அப்புறம் நேராகப் பத்திரம் எழுதுபவரிடம் போங்கள்.

கல்யாண மேடையில் மாப்பிள்ளைக்குக் கை கொடுப்பதா, கவரைக் கொடுப்பதா?

இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யத்தான் வேண்டும், அதுதான் சிக்கல். வலது கையால் மாப்பிள்ளையின் கையைப் பிடித்தால் கவர் உங்கள் இடது கையில் இருக்கும். அதை இடது கையாலேயே நீட்டினால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். ஆகவே முதலில் கவரை வலது கையால் கொடுத்துவிட்டு, பிறகு கை கொடுத்து, கேமராவைப் பாருங்கள். கவர் மாப்பிள்ளையின் கையில் ஒரு நொடிகூட நிற்காது. பின்னால் நிற்கிற மச்சானின் துணிப்பைக்குள் போய்விடும். புகைப்படக்காரர் "அப்படியே இருங்கள்" என்று சொன்னால் சொன்னபடி இருங்கள். படம் விழும்வரை பிடித்த கையை விடக்கூடாது. அதனால்தான் நம் ஊர் ஆல்பங்களில் எல்லோரும் ஏதோ உடன்படிக்கையில் கையெழுத்திட்டுவிட்டு நிற்பவர்களாகத் தெரிகிறார்கள்.

கிராமத்து மண்டபங்களில் இந்தத் தொல்லை குறைவு. மொய் எழுத வாசலில் தனி மேசை இருக்கும். ஊர், பெயர், தொகை நோட்டில் ஏறிவிடும். செய்முறை அங்கே முடிந்ததால் மேடைக்கு வெறுங்கையோடு போகலாம். கல்யாணமானாலும் காதணி விழாவானாலும் கணக்கு அந்த நோட்டில்தான், மேடையில் இல்லை. ஆனால் சாப்பிடாமல் மட்டும் போகாதீர்கள். ஒரு வீட்டில் கை நனைப்பதுதான் உறவுக்கு அடையாளம். நூறு முறை கைகுலுக்கினாலும் அது இதற்கு ஈடாகாது. "அந்த வீட்டில் கை நனைக்கமாட்டேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் விஷயம் முற்றிவிட்டது என்று பொருள்.

மேடையில் நின்று நின்று மாப்பிள்ளைக்குக் கை வலிக்கும் என்பது உண்மை. அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் 1907ஆம் ஆண்டு புத்தாண்டு நாளில் வெள்ளை மாளிகையில் 8,513 பேருக்குக் கை கொடுத்ததாகக் கணக்கு இருக்கிறது. நம் மாப்பிள்ளைகளுக்கு அவ்வளவு வராது. வந்தாலும் மாலையோடும் கோட்டோடும் நிற்க வேண்டும், ரூஸ்வெல்ட்டுக்கு மாலை இல்லை.

மீனாட்சி கோயில் திருக்கல்யாணச் சிற்பத்தில் இருப்பது கைகுலுக்கலா?

இல்லை. கம்பத்தடி மண்டபத்துத் தூணில், மீனாட்சியின் கையைச் சுந்தரேசுவரர் பற்றியிருக்க, அண்ணனாகிய திருமால் தாரை வார்த்துக் கொடுக்கிறார். அது பாணிக்கிரகணம், கைத்தலம் பற்றுவது. ஒருவருடைய கை இன்னொருவர் பொறுப்பில் ஒப்படைக்கப்படுகிறது. கைகுலுக்கலில் யாரும் யாருக்கும் பொறுப்பில்லை, இருவரும் கையைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகலாம். அந்தச் சிற்பத்தின் முன் நின்று, குனிந்த தலையோடு மீனாட்சி நிற்பதையும், மூன்று கைகள் ஓரிடத்தில் சேருவதையும் பார்த்துவிட்டு வாருங்கள், வித்தியாசம் புரியும்.

ஆயுதம் இல்லை என்று காட்டத்தான் கைகுலுக்கல் தோன்றியது என்கிறார்களே?

அழகான கதை. வலது கை காலியாக இருக்கிறது பார், சட்டைக் கைக்குள் கத்தி ஒளிந்திருந்தாலும் குலுக்கினால் விழுந்துவிடும் என்று சொல்வார்கள். இதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது. ஆதாரம் உள்ளவற்றைச் சொல்கிறேன். கி.மு. 9ஆம் நூற்றாண்டில் அசீரிய மன்னன் மூன்றாம் ஷால்மனேசர், பாபிலோன் மன்னனோடு கைபற்றி நிற்கும் புடைப்புச் சிற்பம் இன்றைய ஈராக்கின் நிம்ருதில் கிடைத்திருக்கிறது. அது உடன்படிக்கையைக் காட்டுவது. பழைய கிரேக்கக் கல்லறைக் கற்களில் இறந்தவரும் உயிரோடிருப்பவரும் கைபற்றி நிற்கிறார்கள். உரோம நாணயங்களில் இணைந்த கைகள் நம்பிக்கைக்கும் ஒற்றுமைக்கும் அடையாளமாக வந்தன.

அதாவது அங்கேயும் தொடக்கத்தில் கை என்பது உடன்படிக்கைக்கும் பிரிவுக்கும்தான், நம் சந்தையையும் கேத வீட்டையும் விட்டு வெகுதூரம் போய்விடவில்லை. தெருவில் பார்த்த எல்லோருக்கும் கை நீட்டுவது பரவியதில் 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் குவேக்கர்கள் என்ற கிறித்தவப் பிரிவினருக்குப் பங்கு உண்டு. பெரிய மனிதருக்காகத் தொப்பியைக் கழற்றுவதும் குனிவதும் கடவுளுக்கு முன் சமமானவர்களுக்குத் தகாது என்று சொல்லி, எல்லோருக்கும் ஒரே மாதிரி கை கொடுத்தார்கள். நமக்கு அது வெள்ளைக்காரர்களின் அலுவலகங்களோடும் பள்ளிகளோடும் வந்து சேர்ந்தது.

சிலர் விரல் நுனியை மட்டும் கொடுக்கிறார்கள். அதற்கு ஏதாவது அர்த்தம் உண்டா?

பெரும்பாலும் இல்லை. கூச்சம், வியர்வை, பழக்கமின்மை என்று எத்தனையோ காரணம். ஆனால் எப்போதும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. தொடலாமா, கூடாதா என்பதைச் சாதி தீர்மானித்த ஊர்கள் இவை. மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்ட மக்கள் அ.வைத்தியநாத ஐயர் தலைமையில் நுழைய 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. கைகள் அவ்வளவு வேகமாகச் சட்டத்தைப் படிப்பதில்லை.

கிராமங்களில் உற்றுப் பார்த்தால் தெரியும். ஒரே பெரியவர் ஒரே கூட்டத்தில் ஒருவருக்குக் கை கொடுப்பார், இன்னொருவரின் நீட்டிய கைக்குக் கும்பிடு போட்டு நகர்வார். மரியாதையாகத்தான் தெரியும். யாருக்குக் கை, யாருக்குக் கும்பிடு என்று வரிசைப்படுத்திப் பார்த்தால் விஷயம் வெளியே வந்துவிடும். புதிதாக வந்த அதிகாரி ஒருவர் கூட்டத்தின் கடைசியில் நிற்பவர் வரை நடந்துபோய்க் கை கொடுத்தால், அது மேடையில் அவர் பேசப்போவதைவிட முக்கியமான சேதியாக ஊருக்குள் பேசப்படும். எல்லோருக்கும் வணக்கம், அல்லது எல்லோருக்கும் கை. இரண்டில் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள், ஆள் பார்த்து மாற்றாதீர்கள்.

முஸ்லிம் நண்பர்கள் இரண்டு கையாலும் பிடிக்கிறார்கள். நானும் அப்படிச் செய்யலாமா?

தாராளமாக. சலாம் சொல்லிக் கைபற்றுவதை முஸாபஹா என்பார்கள். காஜிமார் தெருப் பக்கம் பெருநாள் தொழுகை முடிந்து வெளியே வருகிறவர்களைப் பார்த்தால், கைபற்றுவதும் தழுவுவதும் தெரு முழுக்க நடந்துகொண்டிருக்கும். உங்களையும் அணைத்தால் அணைத்துக்கொள்ளுங்கள், பிரியாணிக்குக் கூப்பிட்டால் போங்கள். மார்க்கப் பற்றுள்ளவர்கள் எதிர்பாலினத்தவருக்குக் கை கொடுப்பதைத் தவிர்ப்பார்கள், அதை அவமதிப்பாக எடுக்க வேண்டாம். தேவாலயங்களில் சமாதானம் தெரிவிக்கும் நேரத்தில் சிலர் கைகூப்புவார்கள், சிலர் கைபற்றுவார்கள். பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் செய்யுங்கள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ஒருவர் கை நீட்டினால்?

எச்சில் கையைக் கொடுக்கக் கூடாது, இடது கையையும் கொடுக்கக் கூடாது. வலது மணிக்கட்டைக் கொஞ்சம் முன்னால் நீட்டுங்கள், அவர் அதைத் தொட்டுவிட்டுப் போவார். பட்டறையில் கிரீஸ் படிந்த கையோடு இருப்பவரும், பூச்சந்தையில் ஈரக் கையோடு மல்லிகைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பவரும் இதைத்தான் செய்கிறார்கள். சாரணர்கள் மட்டும் உலகெங்கும் இடது கையால்தான் குலுக்கிக்கொள்கிறார்கள். பந்தியில் அந்த விளக்கம் எடுபடாது.

கைகொடுப்பதால் நோய் பரவுமா?

சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்குக் கிருமிகள் கை வழியாகப் பரவும். பிரிட்டனின் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் 2014இல் சோதித்துப் பார்த்தார்கள். கைகுலுக்கியபோது கடந்துபோன பாக்டீரியாவில் ஏறக்குறைய பாதிதான் உள்ளங்கையை உள்ளங்கையில் தட்டியபோது போனது. மூடிய கை முஷ்டியோடு முஷ்டி இடித்துக்கொண்டபோது பத்தில் ஒரு பங்குதான் போனது. 2015இல் இஸ்ரேலின் வைஸ்மன் ஆய்வு நிறுவனம் இன்னொன்றைக் கண்டது: மனிதர்கள் கைகுலுக்கிய பின் தங்களை அறியாமலே கையை மூக்கருகே கொண்டுபோகிறார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் சோப்பு போட்டுக் கை கழுவுவதன் அவசியம் விளங்கும்.

தமிழ்நாட்டின் முதல் கொரோனா மரணம் 2020 மார்ச் 25 அன்று மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் நிகழ்ந்தது. அலுவலகக் கைகுலுக்கல் நின்றதை யாரும் பெரிதாக உணரவில்லை, வணக்கம் இருந்தது. கேத வீட்டில் கை தொட முடியாமல் போனதுதான் தாங்க முடியாததாக இருந்தது. தூரத்தில் நின்று கையை நீட்டிக் காட்டிவிட்டுத் திரும்பியவர்கள் உண்டு. அதற்கு மாற்றாக எதையும் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

எச்.ஐ.வி. கைகொடுப்பதால் பரவாது. 1987இல் லண்டன் மருத்துவமனை ஒன்றில் இளவரசி டயானா கையுறை இல்லாமல் எய்ட்ஸ் நோயாளிக்குக் கை கொடுத்தது அந்தப் பயத்தைப் போக்கத்தான். தொழுநோயும் கைகொடுப்பதால் பரவுவதில்லை.

எவ்வளவு அழுத்த வேண்டும்?

எதிராளி அழுத்துகிற அளவு. இரண்டு அசைவு போதும். எலும்பு நொறுங்குகிற பிடி தன்னம்பிக்கையின் அடையாளம் என்று பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். மூட்டுவாதம் உள்ள ஒருவருக்கு அந்தப் பிடி எப்படி வலிக்கும் என்று சொல்லிக்கொடுப்பதில்லை. மதுரையில் 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் கோ.வெங்கடசாமியின் விரல்கள் முடக்குவாதத்தால் நிரந்தரமாகக் கோணியவை. அந்த விரல்களால் கத்தி பிடிக்கப் பழகி ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். கையின் பிடியை வைத்து ஆளை எடைபோடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

பார்வையற்ற ஒருவரைச் சந்தித்தால், பெயரைச் சொல்லிவிட்டு "கை கொடுக்கிறேன்" என்று வாயால் சொல்லுங்கள். அவர் கையை நீட்டுவார். சொல்லாமல் திடீரென்று கையைப் பிடித்தால் யாருக்குமே தூக்கிவாரிப்போடும்.

கை கொடுக்க மறுத்தால் என்ன பொருள்?

நீட்டிய கையை விட்டுவிடுவது உலகெங்கும் பேச்சாகிவிடுகிற காரியம். 2025 செப்டம்பர் 14 அன்று துபாயில் ஆசியக் கோப்பை ஆட்டம் முடிந்ததும் இந்திய வீரர்கள் பாகிஸ்தான் வீரர்களுக்குக் கை கொடுக்காமல் போனார்கள். ஆட்டத்தைவிட அதுதான் நாட்கணக்கில் பேசப்பட்டது. மறுதிசையில், 1972 பிப்ரவரி 21 அன்று பெய்ஜிங்கில் விமானத்திலிருந்து இறங்கிய அமெரிக்க ஜனாதிபதி நிக்சன், சீனப் பிரதமர் சூ என்லாய்க்குக் கையை நீட்டியதே பயணத்தின் முக்கியச் செய்தியானது. நம் ஊரில் இதைவிடச் சிறிய காரணங்களுக்கும் கை மறுக்கப்படும். பங்காளிச் சண்டையில் இருபது ஆண்டு பேசாதவர்களும் கேத வீட்டில் மட்டும் கை தொடுவார்கள். அது சமாதானம் இல்லை, மறுநாள் பேச்சு இருக்காது. ஆனால் அங்கேயும் தொடவில்லை என்றால், இனிமேல் ஒட்டாது என்று ஊர் முடிவுகட்டிவிடும்.

கை கொடுத்தேன், அவர் விடவே இல்லை. என்ன செய்வது?

மதுரைக்காரர் என்று தெரிந்துகொள்ளுங்கள். எந்த ஊர், அங்கே யார் வீடு, அந்த வீட்டு மூத்த மகன் இப்போது எங்கே இருக்கிறான் என்பதையெல்லாம் கேட்டு முடிக்கும்வரை கை அவரிடம்தான் இருக்கும். பிடுங்க முயலாதீர்கள், பிடி இறுகும். கேட்டதற்குப் பதில் சொல்லிக்கொண்டே டீக்கடைப் பக்கமாக நகருங்கள். கண்ணாடிக் கிளாஸ் கைக்கு வந்ததும் அவரே விட்டுவிடுவார். காசு மட்டும் அவர்தான் கொடுப்பார், அதில் சண்டை போட வேண்டாம்.